வலைக் கயிற்றில் காய்ந்த புத்தகங்கள்

எங்கள் வீட்டில் பேனாவால் பெயரெழுதிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லாரும் பெருவிரலை மையில் தோய்த்தவர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு படி ஏறிவிடுகிறது என்று என்னோடு படிப்பிக்கிற ஆசிரியைகள் கேலி செய்வார்கள். ஏறட்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு தோணிக்காரரின் மகள் தினமும் பாதை ஏறி வாவியைக் கடந்து, டவுண் பள்ளிக்கூடத்தில் படித்துச் சோதனை பாஸ்பண்ணியது அந்த நாளில் சின்ன விசயமில்லை. பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் சிலவேளை ஒரு மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற தட்டைப் படகை. அதில் நின்றபடியே நான் பாதிப் பாடங்களைப் பாடமாக்கினேன்.

என்னிடம் இப்போது மீன்பிடி பற்றிய புத்தகங்கள் நாற்பதுக்குக் கிட்ட இருக்கின்றன. மீன்பிடிக்கிறவர்கள் வீட்டில் மீன் புத்தகம் எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளை ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அன்று காலை அம்மாவின் மீன் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தேன்.  வீட்டுக்கு வந்து என் புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டினேன். அரசர்கள் இருந்தார்கள், ஆறுகள் இருந்தன, வயல் விதைக்கிறவரின் படம்கூட இருந்தது. தோணியில் போகிற ஒரு மனிதர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ, நைலோன் வலை பற்றி விளங்கப்படுத்த வந்த உத்தியோகத்தர்கள் தொழிலுக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சின்னக் கைநூல் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா அதில் புகையிலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் புகையிலையைக் கொட்டிவிட்டுக் கைநூலை விரித்தேன். எங்கள் வாசலில் அப்பா தினமும் போடுகிற வலை முடிச்சைப் படமாகக் கீறி, அம்புக்குறியிட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கமிட்டிருந்தார்கள். அச்சில்! அப்பாவின் முடிச்சு! ஓடிப்போய்க் காட்டினேன். அப்பா தூரப்பிடித்துப் பார்த்தார். மகளான என்னையும் அவர் "மனே" என்றுதான் கூப்பிடுவார்.

"இத எழுதினவன் இடக்கையனோ மனே? முடிச்சு மாறிக் கிடக்கு."

"அப்பா, உங்கட வேலயப் பத்திப் புத்தகம் போட்டிருக்காங்க!"

"போடட்டும். மீன் வாசிக்காட்டிச் சரி."

அன்றைக்கு முடிவெடுத்தேன். அப்பாவின் தொழிலைப் பற்றி உலகத்தில் எவ்வளவு புத்தகம் இருக்கிறதோ அவ்வளவும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.

அதிலிருந்து ஒரு ஐந்து வருசம் ஓடியும் சேர்ந்தது எட்டுத்தான். காத்தான்குடிக் கடையொன்றில் மிளகாய் சுற்றுவதற்குக் கிழித்துக்கொண்டிருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் சுறாவின் படத்தைக் கண்டு நான் கத்திய கத்தலில் கடைக்காரர் தராசை விட்டுவிட்டார்.

"காக்கா, கிழிக்காதீங்க!" முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"கிழிக்காம மறுகா நான் மிளகாய எதில சுத்துற புள்ள? தலையிலயா?"

என் பழைய கொப்பிகள் ஒரு கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து அதை மீட்டேன். முதல் முப்பது பக்கம் அதற்குள் பல வீட்டுக் கறிச்சட்டிக்குப் போய்விட்டிருந்தது. கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய சிங்களப் புத்தகம் ஒன்றும் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதிலிருந்த நண்டுப் படங்களுக்காக வாங்கினேன். எல்லாம் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் இருந்தன. மாமி வரும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்து, "என்னகா, புத்தகத்தத் தூண்டில்ல குத்தினா மீன் வருமோ?" என்பார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

பிறகுதான் நோனாவின் அலுமாரியைக் கண்டேன்.

அம்மா டவுணில் வீடு வீடாக மீன் விற்பவர். சோதனை எழுதி முடித்து வீட்டில் இருந்த நாட்களில் நானும் கூடப் போவேன். அம்மாவின் வாடிக்கைகளில் கண்டிப்பானவர் நோனா. போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண் என்பதால் எல்லாருக்கும் நோனா, கணவரை இழந்தவர். எங்கள் தமிழைத்தான் பேசுவார். கோபம் ஏறினால் மட்டும் அவர்கள் வீட்டுப் பாசை வெளியே வரும். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"மீன்காரி, இது நேத்தைய மீன்."

"நேத்து இது வாவிக்குள்ள கலியாணம் பேசிக்கொண்டு திரிஞ்ச நோனா. இண்டைக்கு விடியத்தான் வலைக்குள்ள வந்த."

நோனா சிரித்ததை அன்றுதான் கண்டேன். அவர் தட்டெடுக்க உள்ளே போனபோது கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலுமாரி. உள்ளே தோல் அட்டைப் புத்தகங்கள். முதுகில் பொன்னெழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டினேன். தூண்டில். ஆறு. கடல்மீன். வலை. எல்லாமே மீன்பிடி!

"என்ன பார்க்கிறாய்?" நோனா பின்னால் நின்றார்.

"எல்லாம் மீன் பிடிக்கிற புத்தகம் நோனா."

"உனக்கு இங்கிலிசு வாசிக்க ஏலுமா?"

அம்மா முந்திக்கொண்டார். "ஏலுமாவா? கடிதம் எழுதுவா, தந்தி வாசிப்பா, பேப்பர்ல கணக்கெல்லாம் போடுவா!" பேப்பரில் என்ன கணக்கு என்று எனக்கும் தெரியாது. நோனா ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து நீட்டினார். நான் ஒரு பக்கத்தை நின்ற நிலையிலேயே வாசித்தேன். குளிர்நாட்டு ஆறொன்றில் ஒருவர் நாள்முழுதும் காத்திருந்து ஒரு மீனைப் பிடித்து, அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டுவிடுகிற கதை.

"பிடிச்சத விட்டானா?" என்றார் கூடையோடு நின்ற அம்மா. "வீட்ட அடுப்பு எரியிறல்லயோ அவனுக்கு?"

நோனாவின் கணவர் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவராம். லீவு நாள் முழுக்கத் தூண்டிலும் கையுமாக வாவிக் கரையில் இருப்பாராம். அந்த அலுமாரி அவருடையது. நோனாவின் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் நோனாவும் கப்பல் ஏறப்போகிறார். புத்தகங்களைக் கொண்டுபோக வழியில்லை. அவற்றைத் தன் புதுவீட்டு மண்டபத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார் டவுணில் வழக்குப் பேசுகிற ஒரு புரொக்டர்.

நோனா என்னை மேலும் கீழும் பார்த்தார். செவுள் பார்க்கிற அதே பார்வை.

"இத கொண்டுபோய் வாசி. ரெண்டு கிழமைக்குள்ள கொண்டுவா. நான் தாற மாதிரியே திரும்பி வந்தா மிச்சமெல்லாம் உனக்கு. ஒரு மூலை மடிஞ்சிருந்தாலும் புரொக்டருக்கு. விளங்கிச்சா?"

விளங்கியது. மிச்சம் முப்பது புத்தகம். எண்ணிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதற்கடுத்த பத்து நாளும் நான் நடந்ததே வேறு மாதிரி. கை கழுவாமல் புத்தகத்தைத் தொடமாட்டேன். யாரையும் பக்கத்தில் விடமாட்டேன். இரவில் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். முப்பது புத்தகம் வரப்போகிற வீட்டில் ஒரு பூச்சியும் இருக்கக்கூடாது என்று என் சவர்க்காரப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது சுறாப் புத்தகத்தின் ஓரத்தை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. சிங்களப் புத்தகத்தில் பூஞ்சணம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அழாக்குறையாகச் சொன்னேன்: "அரிக்குது, உக்குது. நோனாட புத்தகத்துக்கும் வந்திட்டா நான் செத்தன்." அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 

மறுநாள் ஒரு வேலை விண்ணப்பப் பத்திரம் வாங்க டவுணுக்குப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பினேன். வேலிக்கு வெளியிலேயே மணம் மூக்கில் அடித்தது. பனிச்சங்காய்ச் சாயம். பருத்தி நூல் வலை உப்புத் தண்ணீரில் உக்கிப்போகாமலிருக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவிடுவார்கள். வலை கபில நிறமாகி, பூச்சி அண்டாமல் வருசக்கணக்கில் நிற்கும். வலைக்குச் சாயம் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வளவுக்குள் வந்தேன்.

வலை காயப்போடுகிற கயிற்றில் ஒன்பது புத்தகங்கள் நடுவால் விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் கபில நிறம். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கறுத்து, சந்தோசமாக நின்றார்.

"இனி ஒரு பூச்சி கிட்ட வராது மனே. உன்ட எட்டுக்கும் ஒரு தரம் போட்டன். நோனாட புத்தகத்துக்கு மட்டும் ரெண்டு தரம். பெரியாக்களிட சாமான்தானே."

என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை முழுதாக எழுத மனமில்லை. படிக்காத ஆட்களின் வீட்டில் புத்தகம் வைத்தது என் பிழை என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அப்பாவின் முகம் மெதுவாக மாறியது. கயிற்றடிக்குப் போய், நோனாவின் புத்தகத்தை இரண்டு கையாலும் கழற்றி, பக்கங்களைப் பிரிக்கப் பார்த்தார். ஒட்டியிருந்தவை ஒட்டியபடியே இருந்தன.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "என்னகா கத்துறாய்? பத்து நாளா அந்தப் புத்தகத்தப் பிள்ளையப்போல மடியில வச்சிருந்தாய். அதுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது எண்டு அந்த மனிசனுக்கு ஒரு வார்த்தை சொன்னியா? வலையத் தெரிஞ்ச மனிசன் வலைக்குச் செய்யிறதத்தான் செய்வார். படிச்ச ஆள் நீதானே, நீ என்ன செய்தாய்?"

  முப்பது புத்தகமும் போயிற்று என்று அழுதேன். நான் சொன்ன வார்த்தைக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன், ஆனால் அதை யாருக்கும் சொல்லவில்லை.

காலையில் அப்பா கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க எங்க போறீங்க?"

"உன்னோடதான். செய்தது நான். நான்தான் கதைக்கணும்."

நோனா வாசலிலேயே புத்தகத்தை வாங்கினார். விரித்தார். மணத்துக்கு முகத்தைத் திருப்பினார். பிறகு அவர்கள் பாசையில் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். அவை நல்ல வார்த்தைகள் இல்லை என்று விளங்கப் படிப்புத் தேவையில்லை.

"என்ன ஊத்தினீங்க இதுக்கு?"

"பனிச்சங்காய் நோனா," என்றார் அப்பா. "புள்ளைக்கு ஒண்டும் தெரியா. அவ டவுணுக்கு வந்திருந்தா. பூச்சி அரிக்குது எண்டு அவ கவலப்பட்டா, நான் வலையப்போல எண்டு நினைச்சிட்டன். பிழை என்ட. புள்ளையில கோவிக்காதீங்க. ஈடா என்ன செய்யச் சொன்னாலும் செய்வன்."

"என்ன செய்வாய்? ஒட்டின தாளப் பிரிப்பியா?"

"அது ஏலா நோனா."

நோனா அப்பாவின் கறுத்த கைகளைப் பார்த்தார். பிறகு, ஒரு சண்டைக்காரியைப் போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"உன்னட்ட தோணி இருக்குத்தானே? என்னை அதில ஏத்திக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போ. நான் கொடுவா பிடிக்கணும். முப்பது வருசம் மனிசனோட கரையில நிண்டு சின்ன மீனாப் பிடிச்சிட்டன். கொடுவாவுக்குத் தோணி வேணும். எத்தின பேரக் கேட்டுட்டன் தெரியுமா? பொம்பள ஏறக்கூடாதாம்!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்று எனக்குத் தெரியும். தொழில் தோணியில் பெண் கால் வைப்பதில்லை. பத்தொன்பது வயதாகியும் அப்பாவின் தோணிக்குள் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அம்மா அதன் விளிம்பைத் தொட்டு மீன் இறக்குவார், அவ்வளவுதான். ஏற்றினால் மீன் விலகிப்போகும், வலை வெறுமையாக வரும் என்பது கரையிலுள்ள எல்லாரும் நம்புகிற காரியம். அப்பாவும் நம்பினார்.

"கொடுவா பட்டா, புத்தகம் புள்ளைக்கா?" என்று கேட்டார்.

"பட்டா புள்ளைக்கு. படாட்டி புரொக்டருக்கு."

"அப்ப நாளைக்கு வெள்ளாப்பில வாங்க. புள்ளையும் வரட்டும். நீங்க தனிய வாறது சரியில்ல."

மறுநாள் விடியும்போதே கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நோனா தொப்பி போட்டு, கணவரின் பிரம்புத் தூண்டிலையும் கயிறு சுற்றுகிற பித்தளைச் சக்கரத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு வந்தார். அப்பாவோடு தொழிலுக்குப் போகிற ஒருவர் கத்தினார்:

"என்ன மச்சான், நோனாக்குக் கப்பல் ஏற ஒத்திகையா?"

"ஒரு பொம்பளைக்கே மீன் ஓடும். ரெண்டா ஏத்திறான்! இனி நாம மரக்கறிதான்டா," என்றார் இன்னொருவர்.

"மீனுக்கு என்னத்தத் தெரியும், தோணிக்குள்ள ஆரு இரிக்கிறாங்க எண்டு," என்றார் அப்பா. சொல்லும்போது அவருடைய குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் என் கையைப் பிடித்து ஏற்றியது உறுதியான கை. நான் தோணியின் அடித்தட்டில் கால் வைத்தேன். அது என் பாரத்துக்குக் கொஞ்சம் அமிழ்ந்து கொடுத்தது. பாதையில் ஆயிரம் தரம் கடந்த வாவி, அந்தத் தோணியிலிருந்து பார்க்க வேறு வாவியாக இருந்தது. தண்ணீர் கைக்கெட்டுகிற உயரத்தில்.

வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குக் கிட்டப் போனதும் நோனா தகரப் பெட்டியைத் திறந்து, மீன் வடிவில் மினுங்குகிற ஒரு உலோகத் துண்டைக் கயிற்றில் கட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் வாசித்திருந்ததால் பெருமையாகச் சொன்னேன்: "அது இரை அப்பா. ஓடுற மீனெண்டு நினைச்சுக் கொடுவா வந்து கடிக்கும்."

"தகரத்தத் திங்கக் கொடுவாக்கு என்ன விசரா?"

வெயில் ஏறும் வரைக்கும் கொடுவாவுக்கு விசர் பிடிக்கவில்லை. நோனா எறிந்தார், சுற்றினார், எறிந்தார். நான் முப்பது புத்தகத்தையும் ஒவ்வொன்றாகப் புரொக்டரின் மண்டபத்தில் மனதுக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டேன். புத்தகத்தில் சொல்லியபடி ஆழமான நடுநீரில் எறியச் சொன்னதும் நான்தான். கடைசியில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"புத்தகத்த விட்டுத்தள்ளு மனே. நோனா, அந்தா கண்ணா மரத்து வேரடி. தண்ணி வத்தத் தொடங்கிட்டு. சின்ன மீனெல்லாம் வேருக்குள்ள இருந்து இப்பதான் வெளிய வரும். கொடுவா அந்த வாசல்லதான் நிக்கும். அங்க எறிங்க."

நோனா எறிந்தார். சேற்றில் வேர் ஊன்றி நின்ற கண்ணா மரத்தடியில், இரை விழுந்த இடத்தில் தண்ணீர் பிளந்தது. வெள்ளி வாளி ஒன்றை யாரோ உள்ளிருந்து தூக்கி எறிந்ததுபோல் ஒரு கொடுவா மேலே வந்து தலையை உதறிவிட்டு விழுந்தது. தூண்டில் வில்லாக வளைந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. அப்பா பாய்ந்து கயிற்றைக் கையால் பிடிக்கப் போனார்.

"கைய எடு! தொடாத!" என்று நோனா அலறினார்.

பிறந்ததிலிருந்து கயிற்றைக் கையால் இழுத்த மனிதர். மீன் ஓடுகிறது, கயிறு கண்ணுக்கு முன்னால் போகிறது, தொடக்கூடாது. அப்பா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். "நோனா விடுறா... இழுக்கிறா... ஐயோ விடுறா..." என்று புலம்பினார். நான் நோனாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அவரும் கொடுவாவோடு போயிருப்பார். மூன்று தரம் அது கிட்ட வந்து மூன்று தரம் ஓடியது. நாலாம் தரம் பக்கமாகச் சரிந்தபோது, "இப்ப பிடி!" என்றார் நோனா. அப்பா செவுளுக்குள் கைவிட்டு ஒரே தூக்கில் தோணிக்குள் போட்டார். என் கை நீளத்தை விடப் பெரிது.

நோனா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பழக்கத்தில், செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது இண்டைய மீன்தான் நோனா," என்றார் அப்பா. நோனா சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது.

கரையில் பேச்சு ஒரு கிழமை நடந்தது. அந்தக் கிழமை எல்லார் வலையிலும் வழமைபோலவே மீன் பட்டதால் பிறகு அடங்கிவிட்டது. புரொக்டர் கோபிப்பார் என்று பயந்திருந்தேன். புத்தகம் இல்லையென்றதும், "அப்ப அலுமாரி?" என்று கேட்டாராம். மண்டபத்துக்குத் தேவைப்பட்டது கண்ணாடி அலுமாரிதான். அது அவருக்கே போயிற்று.

நோனா கப்பலுக்குப் போவதற்கு மூன்று நாள் முந்தி, அப்பாவும் நானும் தோணியிலேயே போனோம். முப்பது புத்தகங்களையும் சாக்கு விரித்து அடுக்கினோம். கபில நிறப் புத்தகத்தையும் நோனா மேலே வைத்தார். "இது என்னத்துக்கு எனக்கு? மணக்குது," என்றார். கண்ணைத் துடைத்ததைப் பார்க்காத மாதிரி நாங்கள் இருந்தோம்.

நடு வாவியில் அப்பா தண்டு வலிப்பதை நிறுத்தினார். "அண்டைக்கு நீ சொன்னத நான் மனசில வைக்கல்ல," என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அழுகைதான் வந்தது. "சரி சரி. அழுது புத்தகத்த நனைக்காத. ஒண்ட எடுத்து வாசி, என்னதான் எழுதியிருக்கான் பாப்பம்."

கைக்கு வந்ததை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்துத் தமிழில் ஒரு வரி சொன்னேன். கழிமுகத்தில் வலை விடும் முறை பற்றிய பகுதி. இரண்டாவது வரியிலேயே அப்பா மறித்தார்.

"தண்ணி வத்த முந்தி விடச் சொல்றானா? பிழை. திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன்.

"பிழைதான். அவன்ட ஊர்ல தண்ணி வேற மாதிரி ஓடுதோ? அத எழுதியிருக்கானா? பாரு."

பார்த்தேன். மூன்று பக்கம் தள்ளி எழுதியிருந்தார். அவருடைய ஊரில் தண்ணீர் வேறு மாதிரித்தான் ஓடுகிறது. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். "அப்ப மோசமில்ல. சொல்லு, மறுகா என்ன செய்யிறான்?"

இருவரும் வாதாடி வாதாடி எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து பக்கம்தான் முடிந்திருந்தது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதல் கட்டுப் புத்தகத்தைத் தலையில் வாங்கிக்கொண்டார்.